முயல் டிரே நாத்தம்: ஒரே ரூம் போர்ஷன், என்ன செய்யலாம்?

ராயபுரத்துக்காரி

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல ஒரு வெள்ளை முயல் இருக்கு. பொண்ணு, ஒண்ணரை வயசு ஆகுது, பேரு பஞ்சு. ராயபுரத்துல பழைய காலத்து வீடு, ஒரே காம்பவுண்டுல ஆறு குடித்தனம். எங்களுக்கு ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. தரை மொசைக்.

பஞ்சு ஒரு மூலையிலதான் போகும், அந்த மூலையில பிளாஸ்டிக் டிரே வெச்சிருக்கோம். வால்டாக்ஸ் ரோடு மரக்கடையில மரத்தூள் ஒரு மூட்டை வாங்கி அதுல போடறோம். ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவ மாத்தி, ஃபினாயில் போட்டுக் கழுவறோம். சாயங்காலம் சாம்பிராணி காட்டறோம். பனிக்காலத்துல ஒண்ணும் தெரியல. கத்திரி வெயில் ஆரம்பிச்சதும் ரூமுக்குள்ள நுழைஞ்சாலே கண்ணு எரியுது. டிரேக்கு அடியில வெள்ளையா காரை மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு எவ்ளோ தேய்ச்சாலும் போகமாட்டேங்குது.

பக்கத்துக் குடித்தனத்துல சொல்லி, வீட்டுக்காரம்மா வந்து பார்த்துட்டு இந்த மாசக் கடைசி வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க. பஞ்சுவ யார்கிட்டயும் குடுக்கற எண்ணம் இல்ல. சின்ன வீட்ல முயல் வெச்சிருக்கவங்க எப்படி சமாளிக்கிறீங்க? தயவுசெஞ்சு சொல்லுங்க.

பெரம்பூர் அக்கா

முதல்ல பயப்படாதம்மா. நாத்தம் முயலோடது இல்ல. முயல் பூனை மாதிரியே தன்னை நக்கிச் சுத்தம் பண்ணிக்கிற பிராணி. அதோட புழுக்கையும் நாறாது, காய்ஞ்சா வெறும் புல்லுதான், கையில எடுத்துப் பாரு. நாறறது ஒண்ணே ஒண்ணு, தேங்கி நிக்கிற மூத்திரம். அதை மட்டும் அதோட காலுக்குக் கீழ இருந்து தினம் எடுத்துட்டா ஒரு ரூம் என்ன, அரை ரூம்லயும் வளர்க்கலாம்.

இன்னைக்கே நிறுத்த வேண்டியது ரெண்டு. சாம்பிராணி, ஃபினாயில். முயல் மூக்கால மட்டும்தான் மூச்சு விடும், நம்மள மாதிரி வாயால விடத் தெரியாது. சின்ன ரூம்ல புகை போட்டா அந்த மூக்குக்குத் தப்பிக்க வழியே கிடையாது. கொசுவத்தி, ஊதுபத்தி, ரூம் ஸ்ப்ரே எல்லாம் அதே கணக்கு. நாத்தத்துக்குன்னு டிரே பக்கத்துல பாச்சை உருண்டை போடறவங்களும் இருக்காங்க. அது விஷம், வீட்ல முயல் இருந்தா அந்தப் பொட்டலத்தையே வாங்காதீங்க.

ஒரு சோதனை சொல்றேன். காலையில எழுந்ததும் டிரே பக்கத்துல போய்த் தரையில உட்காரு. பஞ்சு உட்கார்ந்தா அது மூக்கு எந்த உயரத்துல இருக்குமோ அந்த உயரத்துக்கு உன் முகத்தைக் கொண்டு போ. நின்னுக்கிட்டு இருக்கும்போது தெரியாதது அங்க தெரியும். உன் மூக்கு சுள்ளுனு இழுத்தா அது ராத்திரி பூரா அந்தக் காத்தைத்தான் சுவாசிச்சிருக்கு. இந்தச் சோதனையில ஒண்ணுமே தெரியாத அளவுக்குக் கொண்டு வரணும். அப்புறம் வீட்டுக்காரம்மாவுக்கு வாசல்ல இருந்து என்ன தெரியப் போகுது?

கொளத்தூர் தம்பி

அக்கா சொல்றது சரி. கூடவே ஒண்ணு. மரத்தூளை மாத்துங்க சிஸ். மரக்கடைத் தூள்ல என்ன மரம்னே தெரியாது. தேக்கு, வேம்பு, பைன், பிளைவுட் எல்லாம் ஒரே மிஷின்ல அறுத்த தூள். பிளைவுட்ல பசை இருக்கு. பைன், தேவதாரு மாதிரி மரங்கள்ல வாசனை எண்ணெய் இருக்கு, சூட்டுல பதப்படுத்தாத தூள்னா அந்த எண்ணெய் முயலோட ஈரலுக்கு ஆகாது. இது எல்லாத்தையும் விட, பவுடர் மாதிரி இருக்கறதால முயல் பறிக்கும்போது பறந்து மூக்குல ஏறும். தும்மல் வந்துச்சுன்னா பாதி நேரம் காரணம் அதுதான்.

நான் போடறது பழைய நியூஸ் பேப்பர், அதுக்கு மேல புல்லு. செலவு கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல. வழவழ பேப்பர் வேணாம், அது ஈரத்தை உறிஞ்சாது. கலர் நோட்டீஸும் வேணாம். கொஞ்சம் காசு செலவு பண்ண முடிஞ்சா பேப்பர் பெல்லட், இல்லன்னா சூட்டுல காய வெச்சு அழுத்தின மர உருண்டை ஆன்லைன்ல கிடைக்குது. பேப்பரை விட ரொம்ப நல்லா உறிஞ்சும்.

பூனை டிரேல போடறதுக்குன்னு விக்கிற களிமண் (லிட்டர்னு சொல்வாங்க) மட்டும் வாங்கிடாதீங்க. ஈரம் பட்டா கட்டி ஆகுற வகை அது. முயல் எதையும் கடிச்சுப் பார்க்கும். வயித்துக்குள்ள போய்க் கட்டி ஆச்சுன்னா குடல் அடைச்சுக்கும். பெட் ஷாப்ல சிலர் 'எல்லா பிராணிக்கும் ஆகும்'னு சொல்லிக் குடுத்துடறாங்க.

ஒற்றியூர் மாடி

எல்லாரும் பேப்பர், பெல்லட்டுன்னு பேசறீங்க. நான் திருவொற்றியூர்ல மொட்டை மாடியில பல வருஷமா முயல் வளர்க்கறேன். நியூசிலாந்து வெள்ளையும் இருக்கு, சோவியத் சின்சில்லாவும் இருக்கு. கம்பி வலைக் கூண்டு, அடியில தகரத் தட்டு. மூத்திரமும் புழுக்கையும் வலை வழியா கீழ விழுந்துடும், முயல் காய்ஞ்ச இடத்துல நிக்கும். காலையில தட்டை உருவித் தண்ணி ஊத்துனா வேலை முடிஞ்சுது. டிரேல உட்கார வெச்சு ஈரத்துல மிதிக்க விடறதை விட இது எவ்வளவோ மேல். தங்கச்சி, ஒரு கூண்டு வாங்கி வைம்மா, பிரச்சனையே வராது.

பெரம்பூர் அக்கா

அண்ணே, உங்க அனுபவத்தை மதிக்கிறேன். ஆனா வீட்டுக்குள்ள ஒரே ஒரு முயலை வெச்சிருக்கவங்களுக்குக் கம்பி வலை வேணாம்னுதான் சொல்வேன். நாய் பூனைக்கு இருக்கற மாதிரி முயல் பாதத்துல மெத்தை கிடையாது, வெறும் முடிதான். நாள் முழுக்கக் கம்பியில நின்னா குதிங்காலுக்குப் பின்னாடி முடி கொட்டி, தோல் சிவந்து, புண்ணாயிடும். அந்தப் புண்ணு ஆறறது ரொம்பக் கஷ்டம். எடை கூடின முயலுக்கு இன்னும் சீக்கிரம் வரும்.

ஒற்றியூர் மாடி

வலையில வர்ற புண்ணு ஈரத்துலயும் வரும்மா. ஊறிப்போன மரத்தூள்ல நிக்கிற முயலோட காலைத் திருப்பிப் பாருங்க. என் கூண்டுல ஒரு பக்கம் வழவழப்பான பலகை போட்டிருக்கேன், படுக்கறதுக்கு. முழுக் கம்பின்னு நான் சொல்லல. காய்ஞ்ச இடம் முக்கியம்னு சொல்றேன். அதுல நான் மாறமாட்டேன்.

வேப்பேரி வாசி

கால்நடை மருத்துவம் கடைசி வருஷம் படிக்கிறேன். ரெண்டு பேர் சொல்றதும் ஒரே இடத்துக்குத்தான் வருது: பாதமும் மூக்கும் மூத்திரத்துல இருந்து தள்ளி இருக்கணும். அது கம்பியால நடக்குதா, பேப்பரால நடக்குதாங்கறது அடுத்த விஷயம். ஏன் இப்படி நாறுது, அந்த வெள்ளைக் காரை என்னன்னு தெரிஞ்சா மீதி வேலை சுலபம். அதனால கொஞ்சம் நீட்டியே எழுதறேன்.

முயல் நிறைய சிறுநீர் கழிக்கும். சராசரியா 1 கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 130 மில்லின்னு கணக்கு சொல்வாங்க, முயலுக்கு முயல் ரொம்பவே மாறும். 2 கிலோ முயல்னா கால் லிட்டர். மூணு நாள் விட்டா முக்கால் லிட்டர் அந்த மரத்தூளுக்குள்ள இருக்கு.

புதுசா வர்ற சிறுநீருக்குப் பெரிய வாடை கிடையாது. அதுல இருக்கற யூரியாவை பாக்டீரியா உடைச்சு அம்மோனியா ஆக்குது. இந்த வேலைக்கு ஈரமும் சூடும் வேணும். மே மாசத்து ராயபுரத்துல ரெண்டும் வேண்டிய அளவுக்கு இருக்கு. குளிர்ல மூணு நாள் தாங்கின டிரே, கத்திரியில ஒரு நாள்கூடத் தாங்காம போறது இதனாலதான். இன்னொரு விஷயம், முயல் சிறுநீர் காரத்தன்மை உள்ளது. காரத்துல அம்மோனியா வாயுவாவே வெளிய வரும். அமிலம் பட்டா அது உப்பா மாறி அடங்கிடும்.

இப்ப அந்தக் காரை. அது கால்சியம். நம்ம உடம்பு தேவையான அளவு கால்சியத்தை மட்டும் குடல்ல எடுத்துக்கிட்டு மீதியை மலத்தோட விட்டுடும். மற்ற பாலூட்டிகள்ல சிறுநீர்ல போறது 2 சதவீதத்துக்கும் குறைவு. முயல் அப்படி இல்ல. சாப்பிடறதுல இருக்கற கால்சியத்தைப் பெரும்பாலும் உள்ள இழுத்துட்டு, மிச்சத்தை சிறுநீரகம் வழியா தள்ளும். அதுல 45 முதல் 60 சதவீதம் வரைக்கும் சிறுநீர்ல போகுதுன்னு பாடப் புத்தகங்கள்ல இருக்கு. அதனாலதான் முயல் மூத்திரம் கலங்கலா இருக்கு, காய்ஞ்சா சுண்ணாம்பா ஒட்டுது. அந்தச் சுண்ணாம்புக்குள்ள பழைய மூத்திரமும் பாக்டீரியாவும் உட்கார்ந்திருக்கும். டிரேயைக் கழுவி வெச்ச அடுத்த ஒரு மணி நேரத்துலயே வாடை வருதுன்னா அது அங்க இருந்து வருது.

சோப்பும் ஃபினாயிலும் சுண்ணாம்பைக் கரைக்காது. வினிகர் கரைக்கும். அம்மோனியாவையும் அடக்கும். மளிகைக் கடையில பாட்டில்ல கிடைக்கிற சாதாரண வெள்ளை வினிகர் போதும்.

அம்மோனியா வாடையோட நிக்கிற விஷயம் இல்ல. மூக்குக்குள்ள இருக்கற மெல்லிய சவ்வை அரிச்சு வைக்கும். பாஸ்சுரெல்லான்னு ஒரு பாக்டீரியா நிறைய முயல்களோட மூக்குல சும்மா இருந்துக்கிட்டே இருக்கும். சவ்வு கெட்டதும் அது வேலையைக் காட்டும். தும்மல், மூக்குல வெள்ளையா சளி, அதை முன்னங்காலால துடைச்சுத் துடைச்சு கால் முடி சடை பிடிக்கறது. பஞ்சுவோட முன்னங்கால் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்க. முடி ஒட்டிப்போய் இருந்தா டாக்டர்கிட்ட காட்டணும்.

ராயபுரத்துக்காரி

காலைத் தடவிப் பார்த்தேன் சார், முடி சுத்தமா இருக்கு. தும்மலும் இல்ல. இப்பவே வினிகர் வாங்கிட்டு வரச் சொல்லிட்டேன். அதைத் தண்ணியில கலக்கணுமா, அப்படியே ஊத்தணுமா? மூலையில தரையிலயும் வெள்ளையா கறை இருக்கு. அதுலயும் ஊத்தலாமா?

வேப்பேரி வாசி

தரையில வேண்டவே வேண்டாம்! மொசைக்ல இருக்கற சிமெண்டும் சலவைக்கல் துண்டும் கால்சியம்தான். வினிகர் அதையும் சேர்த்துக் கரைக்கும். பளபளப்பு போய்ச் சொரசொரன்னு ஆகி, அந்தக் குழியில மூத்திரம் இன்னும் நல்லா இறங்கும். ரெட் ஆக்சைடு தரைக்கும் இதேதான். சோப்புத் தண்ணி, மென்மையான பிரஷ், நல்லா அலசித் துடைச்சுக் காய விடறது. தரைக்கு அவ்வளவுதான்.

பெரம்பூர் அக்கா

இது முக்கியம், நம்ம ஏரியாவுல பாதி வீடு மொசைக்தான்.

டிரேக்கு நான் பண்றதைச் சொல்றேன். தினம் துடைக்கறதுக்கு வினிகர் பாதி தண்ணி பாதி, ஒரு ஸ்ப்ரே பாட்டில்ல. காரை பிடிச்ச டிரேக்குத் தண்ணி கலக்காம அடியில ஊத்தி அரை மணி நேரம் விடு. சின்னச் சின்னக் குமிழியா நுரைச்சு வரும், சுண்ணாம்பு கரையுதுன்னு அர்த்தம். ஓரச் சுவர்ல வினிகர் நிக்காது. அதுக்குப் பழைய காட்டன் துணியைக் கிழிச்சு வினிகர்ல நனைச்சு அந்த ஓரத்துல ஒட்டி விடு. அப்புறம் பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சா மாவு மாதிரி உதிர்ந்துடும். ரொம்ப நாள் காரைன்னா ரெண்டாவது தடவ ஊத்த வேண்டியிருக்கும். கம்பி ஸ்க்ரப்பர் போட்டுத் தேய்க்காத. பிளாஸ்டிக்ல கீறல் விழுந்தா அதுக்குள்ள மூத்திரம் போய் உட்காரும், அப்புறம் அந்த டிரேயைத் தூக்கித்தான் போடணும். கடைசியா நல்ல தண்ணியில அலசி வெயில்ல காய வை.

ரெண்டு டிரே வாங்கிடு. ஒண்ணு காயும்போது இன்னொண்ணு உள்ள. பெட் ஷாப்ல விக்கிற முக்கோண டிரே வேணாம், முயல் திரும்பக்கூட முடியாது. சிமெண்ட் கலவை அள்ளற பிளாஸ்டிக் பாண்டு ஹார்டுவேர் கடையில கிடைக்கும், வாங்கிப் பாரு. அகலமா இருக்கும், கனமா இருக்கும், கவிழ்க்காது. பஞ்சு மாதிரி முயல் உள்ள போய் ஒரு சுத்து சுத்தி உட்கார்ந்து புல்லு தின்னலாம்.

வியாசை பையன்

அக்கா, எங்க வீட்ல பிளீச்சிங் பவுடர் போட்டுத்தான் டிரே கழுவறாங்க, கிருமி சாகும்னு. அது ஓகேவா?

வேப்பேரி வாசி

தம்பி, மூத்திரம் இருக்கற டிரேல பிளீச்சிங் பவுடர் பட்டா, அம்மோனியாவோட சேர்ந்து குளோரமின்ங்கற நச்சு வாயு வரும். வினிகரோட பிளீச்சிங் சேர்ந்தா குளோரின் வாயு. ரெண்டும் நுரையீரலைத் தாக்கும், முயலுக்கு மட்டும் இல்ல, கழுவறவங்களுக்கும். மூடின பாத்ரூம்ல இது ரொம்ப ஆபத்து. வீட்ல கழுவறவங்ககிட்ட இன்னைக்கே சொல்லுங்க. சைக்கிள்ல கொண்டு வந்து விக்கிற பாத்ரூம் ஆசிட்டும் வேண்டாம். தினசரி சுத்தத்துக்கு வினிகரும் வெயிலும் போதும்.

ஒற்றியூர் மாடி ஐயாவுக்கு ஒரு வார்த்தை: துத்தநாகம் பூசின வலையிலயும் தகரத் தட்டுலயும் வினிகர் ஊத்த வேணாம். பூச்சு அரிச்சு, முயல் நக்கினா துத்தநாகம் உள்ள போகும்.

ஒற்றியூர் மாடி

நல்ல தகவல் தம்பி. தட்டை எவர்சில்வர்ல அடிச்சு வாங்கறேன், பட்டறைக்காரர் ஒருத்தர் தெரிஞ்சவர் இருக்கார்.

தங்கச்சிக்கு ஒண்ணு. தீனி என்ன போடறேன்னு சொல்லவே இல்லையே? என் முயலுங்களுக்கு அகத்திக்கீரையும் குதிரை மசாலும் நிறைய போட்ட சமயத்துல எல்லாம் தட்டு வெள்ளையா பூசுன மாதிரி ஆகும். அருகம்புல்லும் கோ-4ங்கற தீவனப் புல்லும் போட்டா அவ்வளவு படியாது. தம்பி சொன்ன கால்சியக் கணக்கு இதுதானே?

வேப்பேரி வாசி

அதேதான் ஐயா. குதிரை மசால், அகத்தி, முருங்கைக்கீரை மூணுலயும் கால்சியம் அதிகம். வளர்ற குட்டிக்கும் பால் குடுக்கற தாய்க்கும் அது தேவை. வளர்ந்த வீட்டு முயலுக்குத் தினம் வேண்டாம், எப்பவாவது ஒரு கொத்து. முக்கால்வாசிக்கு மேல புல்லுதான் தீனியா இருக்கணும். டிமோத்தி புல்லு ஆன்லைன்ல விலை அதிகம்தான். பூச்சி மருந்து அடிக்காத இடத்துல பறிச்ச அருகம்புல் அருமையான தீனி. கொடுங்கையூர், மணலி பக்கம் ரோட்டோரம் பறிக்காதீங்க, லாரிப் புகையும் தூசியும் படிஞ்சிருக்கும். நெல் வைக்கோல் தீனியா பத்தாது, அடியில பரப்ப மட்டும் ஆகும்.

கால்சியத்துக்குப் பயந்து தண்ணியைக் குறைச்சிடாதீங்க. நிறைய குடிச்சாத்தான் கால்சியம் கரைஞ்சு வெளிய போகும். சின்ன உருண்டை இருக்கற பாட்டிலை விடக் கனமான மண்சட்டியில வெச்சா முயல் நிறைய குடிக்கும். சிறுநீர் தண்ணியா இல்லாம டூத் பேஸ்ட் பதத்துல கெட்டியா வந்தாலோ, உட்கார்ந்து முக்கினாலோ அது சிறுநீர்ப்பையில படிவு சேர்ந்ததோட அறிகுறி. வீட்டு வைத்தியம் பார்க்காம ஆஸ்பத்திரிக்கு வாங்க.

தண்டையார்பேட்டை டீச்சர்

எங்க முயல் போன வாரம் சிவப்பா ஒண்ணுக்குப் போச்சு. பேப்பர்ல பார்த்ததும் என் பையன் அழுதே விட்டான், ரத்தம்னு நினைச்சு. பீட்ரூட் குடுக்கல. அதுக்கப்புறம் மஞ்சளா வருது. இது என்ன?

வேப்பேரி வாசி

முயல் சிறுநீர் வெளிர் மஞ்சள்ல இருந்து ஆரஞ்சு, செங்கல் நிறம் வரைக்கும் மாறலாம் டீச்சர். சில கீரைகளோட நிறமி, உடம்புலயே உண்டாகுற நிறமி, மருந்து, இப்படிப் பல காரணம். மொத்தச் சிறுநீரும் ஒரே சீரா சிவந்திருந்தா பெரும்பாலும் நிறமி. மஞ்சள் சிறுநீருக்கு நடுவுல சிவப்பா சொட்டாவோ கட்டியாவோ தெரிஞ்சா ரத்தமா இருக்கலாம். கண்ணால பார்த்து முடிவு பண்ண வேண்டாம், ஒரு சின்ன சோதனைப் பட்டையைச் சிறுநீர்ல நனைச்சு ஆஸ்பத்திரியில சொல்லிடுவாங்க. கருத்தடை பண்ணாத பெண் முயல்னா கட்டாயம் காட்டுங்க. மூணு வயசுக்கு மேல அதுங்களுக்குக் கருப்பைப் புற்று வர்றது ரொம்ப சாதாரணம், முதல் அறிகுறி பல சமயம் டிரேலதான் தெரியும்.

இதுக்காகவே நான் லிட்டர் டிரேயைத் தினம் கண்ணால பார்த்துச் சுத்தம் பண்ணச் சொல்றேன். புழுக்கை சிறுத்தா, குறைஞ்சா, பாசிமணி கோத்த மாதிரி முடியில தொடுத்து வந்தா, அன்னைக்கே தெரிஞ்சிடும். 12 மணி நேரம் சாப்பிடாம, புழுக்கையும் போடலன்னா அது அவசரம், காலையில பார்த்துக்கலாம்னு விடக்கூடாது.

கொளத்தூர் தம்பி

கருத்தடைன்னதும் ஞாபகம் வந்துச்சு. எங்க வீட்ல ஆண் முயல். நாலு மாசம் வரைக்கும் டிரேலதான் போனான். திடீர்னு சோபா, சுவரு, என் காலு, எல்லாத்து மேலயும் பீய்ச்சி அடிக்க ஆரம்பிச்சான். அந்த வாடை வேற மாதிரி, காட்டமா இருக்கும். எவ்ளோ கழுவுனாலும் வேலைக்கு ஆகல. கருத்தடை பண்ணி சில வாரத்துல அதுவா நின்னுடுச்சு.

பண்றதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட 'முயலுக்குப் பண்ணின பழக்கம் இருக்கா'ன்னு நேரா கேளுங்க, தப்பா எடுத்துக்க மாட்டாங்க. நாய்க்குச் சொல்ற மாதிரி ராத்திரி பட்டினி போடச் சொன்னா அங்க வேணாம். முயலுக்கு வாந்தி எடுக்கவே வராது, பட்டினி போட்டா குடல்தான் நின்னு போகும்.

ராயபுரத்துக்காரி

பஞ்சுவுக்கு இன்னும் பண்ணல. வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரியில முயலும் பார்ப்பாங்களா சார்?

இன்னொரு சந்தேகம். கொஞ்ச நாளா டிரேல சின்னத் திராட்சைக் கொத்து மாதிரி, கருப்பா பிசுபிசுன்னு ஒண்ணு கிடக்குது. அதுதான் ரொம்ப நாறுது. சில சமயம் அது மேலயே உட்கார்ந்து பின்பக்க முடியெல்லாம் ஒட்டிக்குது. குளிப்பாட்டி விடலாமா?

வேப்பேரி வாசி

பார்ப்பாங்க. காலையில சீக்கிரம் வந்து சீட்டு போட்டுடுங்க, கூட்டம் இருக்கும். வெயில் ஏறுறதுக்கு முன்னாடி வந்துட்டா பஞ்சுவுக்கும் நல்லது. 28, 30 டிகிரிக்கு மேல போனாலே முயல் திணறும். ஆட்டோல வரும்போது ஐஸ் தண்ணி பாட்டில் ஒண்ணைத் துணியில சுத்திப் பக்கத்துல வைங்க.

அந்தக் கொத்து நோய் இல்ல. முயல் ரெண்டு விதமா போகும். ஒண்ணு காய்ஞ்ச புழுக்கை. இன்னொண்ணு பெருங்குடல் ஆரம்பிக்கிற இடத்துல இருக்கற பையில நொதிச்சு வர்ற மெத்துனு ஒரு கொத்து. வைட்டமினும் புரதமும் நிறைஞ்சது, முயல் குனிஞ்சு ஆசனவாயில இருந்து நேராவே அதைத் தின்னுடும். அதனால நம்ம கண்ணுல படவே கூடாது. டிரேல கிடக்குதுன்னா ஒண்ணு தீனி ரொம்ப சத்தா இருக்கு, வயிறு நிறைஞ்சு அதை ஒதுக்குது. இல்லன்னா குண்டா இருந்து குனிய முடியல. இல்லன்னா பல்லுல, முதுகுல வலி. பெல்லட் தீனி, கேரட், வாழைப்பழம், பிஸ்கட் என்ன குடுக்கறீங்க?

குளிப்பாட்ட வேண்டாம். பயத்துலயே நாடி எகிறும், ஈர முடி காயாது, உடம்புச் சூடு இறங்கிடும். ஒட்டின இடத்தை மட்டும் வெதுவெதுப்பான தண்ணியில துணி நனைச்சுத் துடைச்சு உடனே காய வைங்க. இதைத் தள்ளிப் போடாதீங்க. ஈரமான பின்பக்கத்துல ஈ முட்டை வெச்சா சில மணி நேரத்துல புழு ஆகி சதைக்குள்ள போயிடும். நம்ம ஊர்ல ஈ இல்லாத மாசமே கிடையாது. காலையில ஒரு தடவ, ராத்திரி ஒரு தடவ வாலைத் தூக்கிப் பாருங்க. ஒரு புழு கண்ணுல பட்டாலும் உடனே ஆஸ்பத்திரி.

ராயபுரத்துக்காரி

பெல்லட் ஒரு கிண்ணம் நிறைய வெச்சுட்டு வேலைக்குப் போயிடுவேன். என் தம்பி தினம் வாழைப்பழம் குடுப்பான். இன்னைல இருந்து குறைக்கிறேன்.

பெரம்பூர் அக்கா

ஒரேயடியா நிறுத்தாத, வாரக் கணக்குல மெல்லக் குறை. புல்லு பக்கம் தானா திரும்பும்.

அந்தப் புல்லை எங்க வைக்கணும்னு சொல்லிடறேன். டிரேக்குள்ளயே ஒரு ஓரத்துல, இல்லன்னா டிரே மேல தலை எட்டுற உயரத்துல. முயலுக்குத் தின்னுக்கிட்டே போறது பழக்கம். புல்லு எங்கயோ அங்கதான் உட்காரும், அங்கதான் போகும். அடியில நாலஞ்சு மடிப்பு பேப்பர், நடுவுல ஈரம் உறிஞ்சற பேப்பர் பெல்லட், மேல புல்லு. காலையில எழுந்ததும் நனைஞ்ச மூலையை மட்டும் சுருட்டி எடு. முயல் பெரும்பாலும் ஒரே மூலையில போகும், அதனால மொத்தத்தையும் கொட்ட வேண்டியதில்ல. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ. கத்திரி முடியற வரைக்கும் இந்த ரெண்டு வேளையை விடாத.

பாண்டுக்கு மாறும்போது பழைய டிரேல இருந்து ஒரு கைப்பிடி புழுக்கையும் ஒரு துண்டு நனைஞ்ச பேப்பரும் எடுத்து அதுல போடு. தன் வாடை இருந்தாத்தான் தன் இடம்னு நம்பும். பளிச்சுனு கழுவி வாசனையே இல்லாம வெச்சா அது வேற மூலையைத் தேடும். வெளிய ரெண்டு புழுக்கை சிதறி இருந்தா கோவப்படாத, அது எல்லைக்கல் நட்டு வெக்கிற மாதிரி. பெருக்கித் தள்ளிடு. அதட்டினாலோ அடிச்சாலோ உன்னைப் பார்த்துப் பயப்படுமே ஒழிய டிரே பழகாது.

ஜன்னலைத் திறந்து வை. ராயபுரத்துல மத்தியானத்துக்கு மேல கடல்காத்து வருமே, அந்த ஜன்னலுக்கு எதிர்ல இருக்கற மூலைக்கு டிரேயை நகர்த்த முடியுமான்னு பாரு. ஒரு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்து.

தண்டையார்பேட்டை டீச்சர்

எடுத்த பேப்பரையும் பெல்லட்டையும் கழிவறையில கொட்டாதீங்க, பெல்லட் ஊறி உப்பி அடைச்சுக்கும். பழைய காம்பவுண்டு வீட்ல எல்லாக் குடித்தனத்துக்கும் ஒரே பைப்தான், அது வேற வம்பு. காய்ஞ்ச புழுக்கையை மட்டும் தனியா பொறுக்கி வைங்க. மக்க வெக்காமலே நேரா தொட்டியில போடலாம், செடி வேர் கருகாது. எங்க மாடியில கத்தரியும் வெண்டையும் அதுலதான் வளருது. ராயபுரத்துக்காரி, உங்க வீட்டுக்காரம்மா துளசி, செம்பருத்தி ஏதாவது வெச்சிருந்தா ஒரு பை புழுக்கை கொண்டு போய்க் குடுங்க. வாசனை இல்லன்னு அவங்களே கையில எடுத்துப் பார்க்கட்டும்.

வியாசை பையன்

வீட்ல சொல்லி பிளீச்சிங் பவுடரை நிறுத்தியாச்சு. ஆனா ஐப்பசி, கார்த்திகை மழையில என்ன பண்றது? எங்க தெருவுல தண்ணி நின்னா ரெண்டு மூணு நாள் வெளிய போக முடியாது. டிரே காயாது, வெளிய வெச்ச பேப்பரும் நமுத்துப் போயிடும்.

ஒற்றியூர் மாடி

தம்பி, புரட்டாசியிலயே பழைய பேப்பர் கட்டு ரெண்டு வாங்கி, பிளாஸ்டிக் டிரம்முக்குள்ள போட்டு மூடி வெச்சுடு. புல்லையும் நல்ல வெயில்ல காய வெச்சுக் கோணிப்பையில கட்டி, தரையில வைக்காம பரண் மேல தூக்கி வை. புல்லைப் போடறதுக்கு முன்னாடி முகர்ந்து பாரு. பூஞ்சை வாடை லேசா அடிச்சாலும் போடாத, தின்னா வயித்தைக் கெடுக்கும், அடியில பரப்பினாலும் மூச்சுக்கு ஆகாது. டிரேயைக் கழுவினதும் காய்ஞ்ச துணியால நல்லாத் துடைச்சு ஃபேனுக்குக் கீழ கவுத்து வை, ஒரு ராத்திரியில காய்ஞ்சிடும். தண்ணி ஏறுற தெருன்னா முயலைக் கட்டிலுக்கு மேலயோ மேஜை மேலயோ வெக்க ஒரு கூடையை இப்பவே பார்த்து வை.

ராயபுரத்துக்காரி

பாண்டு ரெண்டு வாங்கியாச்சு. பழைய டிரே ஓரத்துல வினிகர் துணி ஒட்டியிருக்கேன், நுரை வருது. வேப்பேரிக்கு சனிக்கிழமை காலையில கிளம்பறோம். அருகம்புல் யாராவது ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் தினம் வாங்கறீங்களா? எம்.சி. ரோடு பூக்கடைங்கள்ல பிள்ளையாருக்குக் கட்டற கட்டுதான் கிடைக்குது. அதைக் குடுக்கலாமா?

பெரம்பூர் அக்கா

குடுக்கலாம். ரெண்டு மூணு தண்ணியில அலசி, ஈரம் வடிஞ்சதும் போடு. வாழைநார் கட்டைப் பிரிச்சு எடுத்துடு. மொத்தமா வேணும்னா பூக்காரம்மாகிட்ட முன்னாடி நாளே சொல்லி வை, கட்டாத புல்லா கொண்டு வந்து குடுப்பாங்க, விலையும் குறையும்.